நட்சத்திரம் வேண்டாம் என்ற மாணவன்

கேள்வி: நான் ஏழாம் வகுப்பின் வகுப்பாசிரியை. பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் வகுப்பில் 42 பிள்ளைகள். ஒருவரையொருவர் கேலி செய்வதும், தவறாகப் பதில் சொன்னவரைப் பார்த்துச் சிரிப்பதும், எதற்கெடுத்தாலும் கோள் சொல்வதும் அன்றாடம் நடக்கின்றன. அதட்டாமல் அன்பாக நடத்த வேண்டும் என்ற எண்ணத்தில் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே நிறையப் பாராட்டுகிறேன். சுவரில் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்து, நல்ல காரியம் செய்பவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறேன். முதல் மாதம் நன்றாகப் போயிற்று. இப்போது நட்சத்திரம் வாங்குகிறவர்களை மற்றவர்கள் ‘மிஸ்ஸோட செல்லம்’ என்கிறார்கள். வாசிக்கத் திணறும் ஒரு மாணவனுக்கு, அவன் மனம் குளிரட்டும் என்று, சென்ற வாரம் ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். ‘எனக்கு வேணாம் மிஸ், அவனுக்கே குடுங்க’ என்று பக்கத்திலிருந்தவனைக் காட்டினான். வகுப்பே சிரித்தது. மூத்த ஆசிரியர்கள் ‘அடியாத மாடு படியாது’ என்கிறார்கள். கனிவு காட்டியதுதான் என் தவறா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கனிவு காட்டியதில் தவறில்லை; கனிவை நட்சத்திரமாக்கிச் சுவரில் ஒட்டியதில்தான் சிக்கல் இருக்கிறது. அந்த மாணவன் இதை உங்களுக்கு முன்னதாகவே புரிந்துகொண்டிருக்கிறான். தன் வாசிப்பு போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இந்த வாரமும் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். மற்ற 41 பேருக்கும் தெரியும். எதுவும் மாறாதபோது வந்த பரிசு இரக்கத்தால் வந்தது என்று கண்டுகொள்ளப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரை நொடி போதும். அத்தனை பேர் முன்னால் இரக்கத்துக்கு ஆளாவதைவிட, அதை மறுத்துவிட்டுச் சிரிப்பை வாங்கிக்கொள்வது மேல் என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. அவன் தன்மானம் உள்ள பிள்ளை. கடிதத்தின் முடிவில் அவனிடம் திரும்பி வருகிறேன்.

நானும் அந்தப் பட்டியலை ஒட்டியவள்தான். பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், வண்ண அட்டையில் கோடு போட்டு, பெயர்களை அகர வரிசையில் எழுதி, பொன்னிறத் தாளில் நட்சத்திரங்களை வெட்டி ஒட்டினேன். இரண்டே மாதங்களில் அந்த அட்டை இன்னொரு ரேங்க் பட்டியலாக மாறிப்போயிற்று. ஐந்தாறு பெயர்களுக்கு எதிரே நட்சத்திரங்கள் கட்டத்தைத் தாண்டி விளிம்பு வரை நெருக்கியடித்துக்கொண்டு நின்றன; பத்துப் பன்னிரண்டு பெயர்களுக்கு எதிரே ஒன்றோ இரண்டோ இருந்தன, அவையும் மனம் கேட்காமல் நான் ஒட்டியவை. ஒரு நாள் மாலை, பிள்ளைகள் கலைந்த பிறகு, ஒரு சிறுமி அட்டையின் முன்னால் நின்று விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். தன்னுடையவற்றை அல்ல, தன் நெருங்கிய தோழியுடையவற்றை. மறுநாளே அதைக் கழற்றினேன். நான்கு மூலைகளிலும் பசைநாடாவோடு சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வந்தது. அந்த நான்கு தழும்புகளைப் பார்த்துக்கொண்டேதான் எஞ்சிய ஆண்டு முழுவதும் பாடம் நடத்தினேன்.

பாராட்டு, ஊக்கம் என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றுபோலவே பேசிப் பழகியிருக்கிறோம். வகுப்பறையில் அவை வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. பாராட்டு என்பது முடிந்த காரியத்தின் மீது வழங்கப்படும் தீர்ப்பு. தீர்ப்பு சொல்கிறவர் மேலே இருக்கிறார், அதைப் பெறுகிறவரோ மற்றவர்களிடமிருந்து பிரித்து நிறுத்தப்படுகிறார். ஊக்கம் என்பது நடந்துகொண்டிருக்கும் காரியத்தின் பக்கத்தில் போய் நிற்பது. ஆகவே காரியம் கெட்டுக்கொண்டிருக்கும்போதும் அதைக் கொடுக்க முடியும், சொல்லப்போனால் அப்போதுதான் அது தேவைப்படுகிறது. வியன்னாவில் பிறந்து, உளவியலாளர் ஆல்ஃப்ரெட் அட்லரின் வழியில் பயின்று, பின்னர் சிகாகோவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ் இந்த வேறுபாட்டைத் தம் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தி வந்தார். ஒழுங்காக நடந்துகொள்ளாத பிள்ளை உண்மையில் ஊக்கமிழந்த பிள்ளை, இந்தக் கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் உண்டா என்று ஐயப்படும் பிள்ளை என்பது அவருடைய கருத்து. உங்கள் வகுப்பை இந்தக் கோணத்தில் ஒரு முறை பாருங்கள். கேலி பேசுகிறவன் சிரிக்க வைப்பவன் என்ற இடத்தைப் பிடிக்கிறான். கோள் சொல்கிறவள் மிஸ்ஸுக்கு வேண்டியவள் என்ற இடத்தைப் பிடிக்கிறாள். நீங்கள் நல்லெண்ணத்தோடு ஒட்டிய பட்டியல் அவர்களுக்குச் சொன்ன செய்தி, இங்கே இடங்கள் குறைவு, முந்துகிறவருக்குத்தான் கிடைக்கும் என்பதே. கேலி கூடாமல் என்ன செய்யும்?

பரிசு பற்றி ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973-இல் வெளியிட்டது அது. வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்குப் பரிசே இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்ட விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்ற இரு பிரிவினரைப்போல் பாதி நேரமே வரைதலில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. ஆக, ஆர்வத்தைத் தின்றது அந்தச் சான்றிதழ் அல்ல, ‘இதைச் செய்தால் இது கிடைக்கும்’ என்ற பேரம். உங்கள் வகுப்பில் முதல் மாதம் எல்லாம் நன்றாகப் போனதும், பிறகு சறுக்கியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். இனி உதவி செய்யும் பிள்ளையின் கண், உதவி பெறுகிறவன் மீது இருக்காது. உங்கள் கையில் இருக்கும் நட்சத்திரத்தின் மீதுதான் இருக்கும்.

சரி, நட்சத்திரம் இல்லாமல் எப்படி ஊக்கம் கொடுப்பது? ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பின்னக் கூட்டல், மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் கூட்ட வேண்டும். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி விடையை அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழும் நிலைக்கு வந்துவிட்டாள். ரப்பர் துகள்கள் அவள் மணிக்கட்டில் ஒட்டியிருக்கின்றன; இடது கையை வளைத்து நோட்டை மறைத்திருக்கிறாள். கரும்பலகையருகே நின்றபடியே ‘உன்னால் முடியும், முயற்சி செய்’ என்று சொல்லலாம். நல்ல வாக்கியம்தான், ஆனால் அவளுக்கு அதனால் கிடைப்பது வகுப்பு முழுதும் திரும்பிப் பார்க்கும் பார்வை மட்டுமே. அதற்குப் பதிலாக அவள் பக்கத்தில் போங்கள். அவள் கண்மட்டத்துக்குக் குனியுங்கள். முதல் வரியில் விரலை வைத்து, அடுத்த பெஞ்சுக்குக் கேட்காத குரலில், ‘ரெண்டு பகுதியும் வேற வேறன்னு நீயே கவனிச்சிருக்க. பொது மடங்கு பன்னிரண்டுன்னு கண்டுபிடிச்சதும் சரி. மூணு பன்னிரண்டாச்சு. மேல இருக்கிற ரெண்டு மட்டும் ஏன் அப்படியே நிக்குது?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சில நொடிகள் கழியும். வளைந்திருந்த கை நோட்டைவிட்டு விலகும். அவள் எட்டு என்று எழுதும்போது நீங்கள் அங்கே இருக்கக்கூட வேண்டியதில்லை. எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விடலாம்.

நீங்கள் சொன்னதில் ‘கெட்டிக்காரி’ இல்லை, ‘சபாஷ்’ இல்லை. அவள் சரியாகச் செய்த இரண்டு காரியங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. தவறிய இடம் ஒரு கேள்வியாக அவள் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. ‘கெட்டிக்காரி’ என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்பீர்கள். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் சில புதிர்களைத் தீர்த்தார்கள். சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோல்வியைச் சந்திக்க வைத்து, மீண்டும் முதலில் கொடுத்ததைப் போன்ற புதிர்களைக் கொடுத்தார்கள். புத்திசாலி என்று சொல்லப்பட்டவர்களின் மதிப்பெண் தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைந்தது. உழைப்பைக் குறிப்பிடப்பெற்றவர்களுடையது கூடியது. என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில்தான் கூட்டி எழுதியவர்கள் அதிகம் இருந்தார்கள். பட்டம் கொடுத்தால் அதைக் காப்பாற்ற வேண்டிய சுமையும் கூடவே போகிறது.

அதற்காக ‘முயற்சி செய்தாயே, அது போதும்’ என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். தோற்ற பிள்ளையின் காதில் அது ஆறுதல் பரிசாகத்தான் விழும். வானளாவப் புகழ்வதும் உதவாது. நெதர்லாந்தில் எடி பிரம்மெல்மனும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் வரைந்த படத்துக்கு ‘அழகாக இருக்கிறது’ என்று சிலருக்கும், ‘நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கிறது’ என்று சிலருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். தன்னைப்பற்றித் தாழ்வாக நினைக்கும் பிள்ளைகள், அந்த மிகைப் புகழ்ச்சிக்குப் பிறகு, அடுத்து வரைவதற்கு எளிய படங்களையே தேர்ந்தெடுத்தார்கள். நாம் யாருக்கு மிகையாகச் சொல்லத் துடிக்கிறோமோ அவர்களைத்தான் அது பின்வாங்க வைக்கிறது. உங்கள் மாணவனின் நட்சத்திரமும் ஒரு மிகைப் புகழ்ச்சிதான்.

ஏழாம் வகுப்பு வயதில் இன்னொன்றும் உண்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுப் பெற்றால் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லும். பன்னிரண்டு வயதில் அதே பாராட்டு நண்பர்களிடமிருந்து விலக்கிவைக்கும் முத்திரையாகிவிடலாம். ஆகவே வேலையைக் குறித்த சொல்லைக் காதோடு சொல்லுங்கள், அல்லது நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள். ‘நன்று’ என்ற முத்திரையைவிட, ‘இரண்டாம் பத்தியில் காரணத்தை முதலில் சொன்னதால் வாதம் பிடிபட்டது’ என்ற ஒரு வரிக்கு ஆயுள் அதிகம். 42 நோட்டுகளில் இப்படி எழுத முடியுமா என்று கேட்பீர்கள். ஒரே நாளில் முடியாது. ஒரு நாளைக்கு ஆறு நோட்டுகளில் மட்டும் எழுதுங்கள். ஏழு வேலை நாட்களில் வகுப்பு ஒரு சுற்று வந்துவிடும்.

இனிச் சிரிப்புக்கு வருகிறேன். உங்கள் வகுப்பின் உண்மையான நோய் இதுதான். கோளும் பட்டப்பெயரும் இதன் கிளைகள். தவறாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்த வகுப்பில் பாதிப் பேர் கையைத் தூக்க மாட்டார்கள். கையைத் தூக்காதவர்களை நாம் மந்தமானவர்கள் என்று எடைபோட்டுவிடுவோம். அந்த மாணவன் உரக்க வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அளவளாவினர்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு ‘அளவாள... அளவள...’ என்று இழுக்கிறான். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் அதே இழுவையைத் திருப்பிச் சொல்கிறான். சிரிப்பு எழுகிறது. இந்த இடத்தில் நமக்கு இயல்பாக வரும் இரண்டு எதிர்வினைகளும் பயனற்றவை. பின்பக்கத்துக்காரனை அதட்டினால் அவனுக்கு மேடை கிடைக்கிறது. ‘பிறரைப் பார்த்துச் சிரிக்கலாமா?’ என்று ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னால், அந்த ஐந்து நிமிடமும் வாசித்தவன் கையில் புத்தகத்தோடு காட்சிப்பொருளாக நிற்கிறான்.

நான் செய்து பார்த்ததில் பலித்தது இது. கையை உயர்த்தி, அமைதி வரும்வரை ஒன்றும் பேசாமல் நிற்பேன். கேலி செய்தவனை ஒரு நொடி பார்ப்பேன், அவ்வளவுதான். பிறகு வாசிக்கிறவனிடம், தினமும் பேசும் குரலில், ‘இந்தச் சொல்லு எல்லாரையும் தடுக்கிவிடும். மூணாப் பிரி. அள, வளா, வினர்’ என்பேன். அவன் சொல்லுவான், வாக்கியத்தை முடிப்பான், அடுத்தவர் வாசிப்பார். கேலி செய்தவனோடு பேச்சு வகுப்பு முடிந்த பிறகு, தனியாக, இரண்டே நிமிடம். ‘ஏன் செய்தாய்’ என்று கேட்பதில்லை. அதற்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் கிடையாது. ‘நீ சொன்னதுக்கப்புறம் அவன் குரல் எப்படிப் போச்சு, கவனிச்சியா?’ என்று கேட்பேன். ‘இதை எப்படிச் சரிசெய்யப் போற?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘மன்னிப்புக் கேட்கிறேன்’ என்பார்கள். சொல்லோடு நிற்காமல் ஒரு செயலும் வேண்டும் என்பேன். ஒருவன், மறுநாள் வாசிப்பில் அவனோடு சேர்ந்து ஆளுக்கொரு பத்தி வாசிக்கிறேன் என்று தானாகவே சொன்னான். எல்லோரும் அப்படிச் சொல்லிவிடுவதில்லை. மூன்று முறை பேச வேண்டியிருந்த பிள்ளைகளும் உண்டு.

சிரிப்பைக் குறைக்க இன்னொரு வழி, நீங்கள் தவறுவது. வேண்டுமென்று நடிக்க வேண்டியதில்லை. கரும்பலகையில் எழுதும் யாரும் நாளுக்கு ஒரு தவறாவது செய்வோம். ஒரு பிள்ளை அதைச் சுட்டிக்காட்டும்போது முகம் சுளிக்காமல், ‘ஆமாம், ஒற்று விட்டுப்போச்சு, நல்லவேளை பார்த்த’ என்று திருத்திவிட்டுப் போங்கள். தவறு என்பது திருத்திவிட்டுக் கடந்துபோகும் ஒன்று என்பதை நூறு முறை சொல்லிக் கொடுப்பதைவிட, உங்கள் துடைப்பானின் ஓர் அசைவு நன்றாகச் சொல்லும்.

கனிவை நொடிக்கணக்கில் அளக்கலாம் என்று சொன்னால் நம்புவீர்களா? மேரி பட் ரோ என்ற கல்வியாய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டார். சராசரியாக ஒரு நொடிதான். அதிலும் நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு நொடிகளும், பின்தங்கியவர்கள் என்று கருதிய பிள்ளைகளுக்கு அதில் பாதியும் கிடைத்தன. யாருக்கு யோசிக்க நேரம் வேண்டுமோ அவர்களிடமிருந்து கேள்வி முதலில் பறிக்கப்பட்டது. காத்திருப்பை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது, பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள்; முதல் வாரம் அந்த மௌனம் உங்களுக்கு முள்மேல் நிற்பதுபோல இருக்கும். அந்த நேரத்தில் முந்திரிக்கொட்டையாகக் கத்துகிறவர்களிடம், யோசிக்கிறவருக்கு நேரம் கொடுப்பது இந்த வகுப்பின் மரியாதை என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அதோடு நின்றால் வகுப்பு ஒரு சமூகமாகாது. 42 கம்பிகளும் உங்களிடம் வந்து சேரும் ஒரு சக்கரமாகத்தான் இருக்கும், அச்சு ஒரு நாள் விடுப்பு எடுத்தால் கழன்றுவிடும். பிள்ளைகளுக்கு ஒருவர் மற்றவர் தேவைப்பட வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், அதுவரை பிரிக்கப்பட்டிருந்த வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுச் சண்டையும் பகையுமாக இருந்த நேரத்தில், 1971-இல், சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு முறையை வகுத்தார். ஐந்தாறு பேர் கொண்ட குழு. பாடத்தின் ஒவ்வொரு பகுதி ஒவ்வொருவரிடம் மட்டும் இருக்கும். அதை அவர் மற்றவர்களுக்குக் கற்பித்தால்தான் எல்லோருக்கும் முழுப் பாடமும் கிடைக்கும். திக்கிப் பேசுகிறவனைக் கேலி செய்தால் அவனிடம் இருக்கும் பகுதி கிடைக்காமல் போகும் என்பதால், பிள்ளைகள் அவனிடம் நல்ல கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அன்பாக இருங்கள் என்று யாரும் அவர்களுக்குப் போதிக்கவில்லை. வேலை அப்படி அமைந்திருந்தது. வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் இப்படி நடத்திப் பாருங்கள். முதல் இரண்டு முறை கூச்சலாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஓர் ஏற்பாடு நம் வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கிறது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதிவைப்பது. உங்கள் வகுப்பில் அது இருந்தால் நாளைக்கே நிறுத்துங்கள். ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளின் மீது ஒற்றனாக அமர்த்திவிட்டு, கோள் சொல்கிறார்களே என்று நாம் வருந்துவதில் நியாயமில்லை. கோளுக்கும் உதவி கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: ஒருவரை மாட்டிவிடச் சொல்கிறாயா, ஒருவரைக் காப்பாற்றச் சொல்கிறாயா என்ற ஒரே கேள்வி போதும். இரண்டாவது வகைக்கு உங்கள் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். திட்டமிட்டு ஒருவரைத் துன்புறுத்துவது நடந்தால், அதை வகுப்புக்குள்ளேயே கனிவால் கரைத்துவிடலாம் என்று காத்திருக்காமல், தலைமையாசிரியரையும் பெற்றோரையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கனிவைப் பழக்கமாக்க முடியுமா என்றால், முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவின் வான்கூவர் நகரப் பள்ளிகளில் 9 முதல் 11 வயது வரையான 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினர் நான்கு வாரங்கள், வாரத்துக்கு மூன்று நற்செயல்கள் செய்தார்கள். மற்றவர்கள் வாரத்துக்கு மூன்று இடங்களுக்குப் போய்வந்தார்கள். இரு தரப்பினருக்கும் மகிழ்ச்சி கூடியது. ஆனால் நற்செயல் செய்தவர்களை வகுப்புத் தோழர்கள் ஏற்றுக்கொண்டது கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு ‘நற்செயல் பெட்டி’ ஒன்றை வாசலில் வைத்துவிடாதீர்கள். யார் அதிகம் போட்டார்கள் என்ற எண்ணிக்கை தொடங்கிவிடும், நட்சத்திரம் வேறு வேடத்தில் திரும்பி வரும்.

நான் செய்தது எளிமையானது. வார இறுதி நாளின் கடைசிப் பத்து நிமிடத்தில், விரும்புகிறவர்கள் எழுந்து, அந்த வாரம் தான் பார்த்த ஒரு செயலைச் சொல்ல வேண்டும். ‘அவள் நல்லவள்’ என்று சொல்லக்கூடாது. ‘எனக்குக் காய்ச்சல் வந்த ரெண்டு நாளும் அவளோட நோட்டைக் குடுத்தா’ என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கைதட்டல் கிடையாது, பரிசு கிடையாது. யாருடைய பெயர் சொல்லப்பட்டது என்பதை மட்டும் என் குறிப்பேட்டில் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்வேன். மூன்று வாரங்கள் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தால் புள்ளியே விழாத ஏழெட்டுப் பெயர்கள் இருக்கும். அந்தப் பக்கத்தை எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. மறு வாரம் என் கண்கள் அந்த ஏழெட்டுப் பேர் மீது இருக்கும்; அவர்களுக்குப் பிறருக்கு உதவ வாய்ப்புள்ள பொறுப்புகளாகத் தேடிக் கொடுப்பேன். உண்மையான பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் வகுப்புக்கு இடைஞ்சல் ஏற்படும் வேலையாக இருக்க வேண்டும்.

மூத்த ஆசிரியர்களோடு வாதத்துக்குப் போக வேண்டாம். அவர்கள் பழமொழியை ஏற்க முடியாவிட்டாலும், அவர்கள் கண்டதில் ஓர் உண்மை இருக்கிறது: சொன்னதைச் செய்யாத ஆசிரியரைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. கனிவான ஆசிரியர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். வேலையை முடிக்காமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்து இளகி அனுப்பிவிடுவோம். நான்காவது முறை பொறுமை இழந்து வெடிப்போம். பிள்ளைகளுக்கு அது கனிவாகவும் தெரியாது, கண்டிப்பாகவும் தெரியாது. அன்றைய வானிலையாகத்தான் தெரியும். விதிகள் இரண்டு மூன்று போதும், பிள்ளைகளோடு பேசி வகுத்தவையாக இருக்கட்டும், மீறினால் என்ன என்பது முன்பே தெரிந்திருக்கட்டும், ஒவ்வொரு முறையும் அதே விளைவு குரல் உயராமல் வரட்டும். அடித்துப் படியவைத்த வகுப்பு, அடிப்பவர் வாசலைத் தாண்டியதும் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. உளவியலாளர்கள் குர்ட் லெவினும் ரொனால்ட் லிப்பிட்டும் ரால்ஃப் வைட்டும் 1930-களின் இறுதியில் நடத்திய சிறுவர் குழு ஆய்வுகளில் அதைப் போன்ற ஒன்று பதிவாகியிருக்கிறது. அதிகாரத்தால் நடத்தப்பட்ட குழுவில் தலைவர் அறையைவிட்டு வெளியேறியதும் வேலை சரிந்தது. கலந்துபேசி நடத்தப்பட்ட குழுவில் அவர் இல்லாதபோதும் வேலை பெரும்பாலும் தொடர்ந்தது. ஆசிரியர் அறையில் இதை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். மூன்று மாதம் கழித்து, நீங்கள் இல்லாத ஒரு பாடவேளையில் உங்கள் வகுப்பைக் கடந்து போகிறவர்கள் தாமாகவே கவனிப்பார்கள்.

இப்போது அந்த மாணவன். அவனுக்கு முதலில் தேவை வாசிக்கக் கற்பித்தல். எவ்வளவு ஊக்கம் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. ஏழாம் வகுப்பிலும் திணறுகிறான் என்றால், கண்பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்பட்டனவா என்று வீட்டாரிடம் கேளுங்கள். டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு இருக்கலாமா என்று சிறப்புக் கல்வியாளர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வரைக்கும் அவனைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். மறுநாள் அவன் வாசிக்கப் போகும் ஐந்து வரிகளை முதல் நாளே காட்டி, அந்த ஐந்து வரிகளையும் அவனோடு இரண்டு முறை வாசித்துவிடுங்கள். வகுப்பில் அவன் தடுக்காமல் முடிக்கும்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். தலையை அசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். அவனுக்கு அது புரியும்.

பட்டியலைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கழற்றிவிடுங்கள். ஏன் என்று கேட்டால், ‘நான் நினைச்ச மாதிரி அது வேலை செய்யல’ என்று உண்மையைச் சொல்லுங்கள். நட்சத்திரம் நிறைய வாங்கிய ஐந்தாறு பேர் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அவர்கள் செய்தது எதுவும் வீணாகவில்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, அவர்கள் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ‘எனக்கு வேணாம்’ என்பதோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. ‘அவனுக்கே குடுங்க’ என்றும் சொல்லியிருக்கிறான். வகுப்பு அதைக் கேலியாக எடுத்துக்கொண்டு சிரித்தது. நீங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் கேலியாகச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை, அவன் வாசிப்பில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அடுத்த சொல்லை முணுமுணுத்துக் காப்பாற்றுகிறவன் அந்தப் பக்கத்து மாணவனாகவும் இருக்கலாம். ஒரு நாள் தனியாக இருக்கும்போது, ‘அன்னிக்கு அவனுக்குக் குடுங்கன்னு சொன்னியே, அவன் என்ன செஞ்சான்?’ என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு மூன்று நொடிக்கு மேலாகவே காத்திருங்கள். அவன் என்ன சொன்னான் என்பதை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.